நன்றியும் அறிதலும்

'நன்றி' என்னும் சொல் இன்று ஒரு மறுமொழியாகிவிட்டது. பேருந்தில் இடம் கொடுத்தவருக்கும் மேடையில் மாலை அணிவித்தவருக்கும் அது உடனுக்குடன் சொல்லி முடிக்கப்படுகிறது. பழந்தமிழில் அச்சொல் நன்மையைக் குறித்தது. நன்மை செய்தவர் பக்கம் நின்ற சொல் அது. பெற்றவர் பக்கம் நின்ற சொல் 'அறிதல்'. திருக்குறளின் பதினோராம் அதிகாரம் செய்ந்நன்றியறிதல் எனப் பெயர் பெற்றது இதனால்தான். தமக்குச் செய்யப்பட்ட நன்மை இன்னது, இவ்வளவினது, இன்னாரால் செய்யப்பட்டது என்று தெரிந்திருத்தலே அத்தொடரின் பொருள். ஏழாம் அதிகாரமாகிய மக்கட்பேற்றிலும் இவ்வழக்கைக் காணலாம். தந்தை மகனுக்கு ஆற்றுவதை வள்ளுவர் அங்கே நன்றி என்கிறார். மகன் தந்தைக்கு ஆற்றுவதை உதவி என்கிறார். அதே அதிகாரத்தில் தாய், பிள்ளையின் பெருமையைக் கேட்டு மகிழ்பவராக வருகிறார். அவர் பட்ட பாட்டைப் பற்றிய பேச்சு அங்கு இல்லை.

பெற்றோரிடம் நன்றியோடு இருத்தல் வேண்டும் என்பதை மறுப்பவர் அரியர். ஆனால், அறியாத ஒன்றுக்கு ஒருவர் எவ்வாறு நன்றியுடையவராக இருக்க முடியும்? தாமிரபரணிக் கரை ஊர்களில் இவ்வினா வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணி, தான் பிறந்த மாநில எல்லைக்கு வெளியே செல்லாத ஆறு. கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் எனப் பிரிந்து காரும் பிசானமும் விளைவிக்கும் அந்நீரைப் பாடாத புலவர் குறைவு. எனினும் ஆற்று வளம் நிலமுடையவருக்கே முழுமையாகக் கிடைத்தது. நிலமற்ற குடும்பங்களுக்கு நடவும் அறுவடையும் ஆண்டில் சில வாரக் கூலியைத் தந்தன. இயந்திரங்கள் வயலில் இறங்கிய பின்னர் அந்த வாரங்களும் சுருங்கின. வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, மேலப்பாளையம் ஆகிய ஊர்களில் புகழோடு விளங்கிய கைத்தறியும் தளர்ந்தது. கால்வாய் எட்டாத ஆலங்குளம், கடையம் பக்கத்துச் சிற்றூர்கள் வானம் பார்த்த பூமியாகவே இருந்தன. இந்த வெற்றிடத்தில் வந்து அமர்ந்த தொழில் பீடி சுற்றுதல். முக்கூடல், பாப்பாக்குடி, மேலப்பாளையம் தொடங்கிச் சிற்றாற்றுப் பாசன ஊர்கள்வரை, இன்றைய திருநெல்வேலி, தென்காசி ஆகிய இரு மாவட்டங்களிலும் எண்ணற்ற குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிந்தது, எரிகிறது. சுற்றுவோரில் மிகப் பெரும்பான்மையினர் பெண்கள். பெண் பார்க்கச் செல்லும்போது பீடி சுற்றத் தெரியுமா என்று கேட்கும் வழக்கம் இப்பகுதியில் இருந்ததென்றால் அத்தொழிலின் இடம் எத்தகையது என்பது விளங்கும்.

அந்த வேலையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பீடி இலை மத்திய இந்தியக் காடுகளிலிருந்து காய்ந்த கட்டுகளாக வந்து சேருகிறது. தொழிலாளி அதையும் புகையிலைத் தூளையும் நூலையும் தம் ஊர்ப் பீடிக்கடையில் வாங்கி வருகிறார். இரவில் இலை நனைக்கப்பட்டு ஈரச் சாக்கில் பொதியப்படுகிறது. விடியலில், வீட்டார் எழுவதற்கு முன்பாக, பதமான இலைகளை அளவுத் தகட்டின்மீது வைத்துக் கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டுகிறார். பின்னர் சமையல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல், தண்ணீர் எடுத்தல். அதன் பிறகு மடியில் தட்டை வைத்துச் சுவரோரம் அமர்கிறார். ஒரு கையில் இலை, மறுகை ஒரு சிட்டிகைத் தூளை எடுத்து அதன்மேல் பரப்புகிறது, விரல்கள் உருட்டுகின்றன, நூல் சுற்றப்படுகிறது, முனை மடக்கப்படுகிறது. இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு. கடைக்குக் கொண்டு செல்லும்போது அங்கே தரம் பார்ப்பவர் சிலவற்றைக் கழித்துவிடுவார். கழிக்கப்பட்டவற்றுக்குக் கூலி இல்லை. கொடுத்த இலை மட்டமானதாக இருந்தால் எண்ணிக்கை குறையும். குறைந்ததை ஈடுகட்ட வெளியில் காசு கொடுத்து இலை வாங்குவோரும் உண்டு. கூலி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கணக்கு.

ஒரு தாய் நாளொன்றுக்கு 700 பீடி சுற்றுகிறார் எனவும், ஆண்டுக்கு 300 நாள் வேலை செய்கிறார் எனவும் கொள்வோம். கைப்பழக்கம் மிக்கவர்கள் ஆயிரத்தை எட்டுவார்கள் என்பதால் இது மிகைக் கணக்கு அன்று. ஓராண்டில் 2 லட்சத்து 10 ஆயிரம். அவருடைய பிள்ளை முதல் வகுப்பில் சேர்ந்து பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும்போது அவர் சுற்றி முடித்திருப்பது 25 லட்சத்து 20 ஆயிரம். எட்டு மணி நேரத்தில் எழுநூறு என்றால், ஏறத்தாழ நாற்பது வினாடிக்கு ஒன்று. பள்ளியின் ஒரு பாடவேளைக்குள் அறுபதுக்கும் மேல். இவ்வளவையும் குனிந்த கழுத்தோடும் மடக்கிய காலோடும், மூச்சில் ஏறும் புகையிலைத் தூசியோடும் செய்கிறார். முதுகுவலியும் கண்ணெரிச்சலும் விடாத இருமலும் இத்தொழிலாளரிடையே பரவலாகக் காணப்படுபவை. புகையிலையின் நச்சு மூச்சின் வழியே மட்டுமன்றித் தோல் வழியாகவும் உடலுள் செல்லும் என்பதை மருத்துவர்கள் அறிவர். அக்கையால்தான் அவர் பிள்ளைக்குச் சோறு பிசைந்து ஊட்டுகிறார்.

இவ்வளவும் பிள்ளையின் கண்முன் நடக்கிறது. கண்முன் நடப்பதனாலேயே அவன் கண்ணுக்குப் படுவதில்லை. தொழிற்சாலைக்குச் செல்லும் தந்தை காலையில் புறப்படுகிறார், மாலையில் திரும்புகிறார். அவருடைய வேலைக்கு ஒரு வாசலும் நேரமும் இருக்கின்றன. தாயின் வேலைக்கு வாசல் இல்லை. அது திண்ணையிலும் தாழ்வாரத்திலும், அண்டை வீட்டாரோடு பேசிக்கொண்டும், உலையில் ஒரு கண் வைத்துக்கொண்டும் நடக்கிறது. ஆகவே, தாய் என்ன செய்கிறார் என்று கேட்டால், "எங்கம்மா வீட்லதான் இருக்கா" என்று பிள்ளை கூசாமல் சொல்கிறான். பள்ளிப் படிவத்தில் தாயின் தொழில் என்னும் கட்டத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதுகிறான். பொய் சொல்லும் எண்ணம் அவனுக்கு இல்லை. சிலருக்கு அந்தத் தொழிலின் பெயரை எழுதக் கூச்சமும் இருக்கலாம்.

பிள்ளைகள் அறியும் முன்பே சட்டம் இதை அறிந்துகொண்டது. 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், முதலாளியிடமோ ஒப்பந்தக்காரரிடமோ பொருள் பெற்று வீட்டில் பீடி சுற்றுவோரையும் தொழிலாளர் என ஏற்றது. பீடி நிறுவனங்கள் அதனை எதிர்த்து வழக்காடின. 1974-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. வருங்கால வைப்புநிதி வீட்டிலிருந்து சுற்றுவோருக்கும் உண்டா என்னும் வழக்கு அடுத்து எழுந்தது. 1985-இல் அதே நீதிமன்றம் உண்டு என்றது. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பீடித் தொழிலாளர் நலநிதி ஏற்பட்டு, அவர்தம் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் முக்கூடலில் தொழிலாளருக்கான மருத்துவமனையும் கிடைத்தன. தட்டின் முன் அமர்ந்திருக்கும் பெண் 'சும்மா' இருக்கவில்லை என்பதை நாட்டின் நாடாளுமன்றமும் நீதிமன்றமும் எழுத்தில் பதிவு செய்திருக்க, அவர் பெற்ற பிள்ளையின் படிவத்தில் மட்டும் அது இடம்பெறவில்லை.

தந்தையர் நிலையும் ஏறத்தாழ இதுவே. ஆனால், அவர்கள் மறைவது தொலைவினால். மும்பை தாராவியில் திருநெல்வேலித் தமிழ் ஒலிக்கும் தெருக்கள் உண்டு. வளைகுடா நாடுகளுக்கும் கேரளத்துக்கும் இவ்வட்டாரத்திலிருந்து சென்றவர் பலர். மாதந்தோறும் வரும் பணமும் இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் பெட்டியுமாகவே பிள்ளையின் நினைவில் தந்தை தங்கிவிடுகிறார். அங்கே அவர் எத்தனை பேரோடு ஓர் அறையில் படுத்தார், எதை உண்ணாமல் விட்டார் என்பது வீட்டில் பேசப்படுவதில்லை. பேசக்கூடாது என்று அவரே முடிவு செய்திருப்பார்.

பெற்றோரின் உழைப்பைப் பேசும்போது தவறாமல் விடுபடும் ஒருவர் உண்டு: மூத்த மகள். தாயின் தட்டிலிருந்து கால் பங்கை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கை கொடுத்தவர். குழந்தை உழைப்பைத் தடுக்கும் 1986-ஆம் ஆண்டுச் சட்டம் பீடித் தொழிலில் சிறாரை ஈடுபடுத்துவதைத் தடை செய்தது; ஆயினும் குடும்பத்தார் துணையோடு வீட்டில் நடப்பதற்கு விலக்கு அளித்தது. அந்த விலக்கின் நிழலில் அமர்ந்திருந்தவர்கள் இந்த அக்காமார். தாய்க்குச் செலுத்தும் வணக்கத்தை அன்னையர் நாளுக்கென ஒதுக்கிவைத்த உலகம், அக்காவுக்கு ஒரு நாளும் ஒதுக்கவில்லை. தாயினும் அவர் விட்டுக்கொடுத்தது பெரிது என்றுகூடச் சொல்லலாம். தாய் தாம் பெற்ற பிள்ளைக்காக உழைத்தார், அக்காவோ தாமே பிள்ளையாக இருக்க வேண்டிய வயதில் உழைத்தார்.

இத்தகைய வீடுகளிலிருந்து பெருமைக்குரியவர்கள் எழுந்திருக்கிறார்கள். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பாளையங்கோட்டை பெயர் பெற்றது அங்குள்ள பழமையான கல்விநிலையங்களால். 1923-இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரியும் பெண்கல்விக்குப் பெயர்பெற்ற சாராள் தக்கர் கல்லூரியும் 1990-இல் தோன்றிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் பீடிக்கூலியில் படித்த பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டவை. செங்கோட்டையைச் சேர்ந்த பீடித் தொழிலாளி ஒருவரின் மகள் குடிமைப்பணித் தேர்வில் வென்ற செய்தி 2024-இல் நாளிதழ்களில் வந்தது. கேரளத்துக் காசர்கோட்டில் சிறுவயதில் தம் தமக்கையோடு பீடி சுற்றிய சுரேந்திரன் பட்டேல், 2023 சனவரியில் அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில் மாவட்ட நீதிபதியாகப் பொறுப்பேற்றார். இச்செய்திகள் மகிழ்ச்சி தருபவை; பகிரத்தக்கவை. ஆயினும் இவற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஒரே வகையில் எழுதுகின்றனர். தாயின் தியாகம் கனிந்தது என்று தலைப்பிட்டு, வென்ற பிள்ளையைப் பற்றிப் பத்திகள் எழுதி, தாயைப் படத்தின் ஓரத்தில் நிறுத்துகின்றனர். மறுநாளும் அத்தாய் இலை வெட்ட எழுந்தாரா என்று கேட்பதில்லை.

'தியாகம்' என்ற சொல்லிலேயே ஓர் இடர்ப்பாடு உள்ளது. அச்சொல் தமிழில் முன்பு கொடையைக் குறித்தது. கொடுப்பதற்கு ஒன்று கையில் இருந்து, கொடுக்கலாம் அல்லது கொடாதிருக்கலாம் என்ற உரிமையோடு கொடுப்பது கொடை. பீடி சுற்றும் தாய்க்கு அவ்வுரிமை இருந்ததா? பிள்ளை மீது கொண்ட அன்பு அவருடையது; குறைந்த கூலி அவருடைய தேர்வு அன்று. இரண்டையும் கலந்து எல்லாவற்றையும் தியாகம் என்று போற்றும்போது, கழிக்கப்பட்ட பீடிக்கும் மட்டமான இலைக்கும் யார் பொறுப்பு என்ற வினா மறைந்துபோகிறது. தெய்வத்துக்குக் கூலி கேட்பார் இல்லை. தாயைத் தெய்வமாக்குவதில் சிலருக்கு இந்த வசதியும் உண்டு.

பெற்றோர் செய்தது அவர்தம் கடமைதானே, அதற்கு நன்றி எதற்கு என்று வாதிடும் இளைஞர்களை இன்று காணலாம். கடமை என்பது உண்மையே. ஆனால், கடமை என்பதனால் அதன் வலி குறைந்துவிடுவதில்லை. இதற்கு நேர் எதிராக, நன்றியின் பெயரால் பிள்ளையின் படிப்பையும் திருமணத்தையும் தாமே தீர்மானிக்க விழையும் பெற்றோரும் உள்ளனர். பிள்ளையை வளர்த்தது கடன் கொடுத்ததைப் போன்றது அன்று. பிள்ளையின் வாழ்க்கையை அதற்கு வட்டியாகப் பெறவும் இயலாது. நன்றியறிதல் வேறு, கீழ்ப்படிதல் வேறு. தாயின் உழைப்பை முழுமையாக அறிந்த மகள், அவர் விரும்பாத ஒரு துறையைத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்றும் அறியாத மகன் அவர் சொன்னதையெல்லாம் செய்யலாம்.

புறநானூற்றில் பொன்முடியார் பாடிய பாடல் (312) இங்கே நினைக்கத்தக்கது. பெறுதலைத் தாய்க்கும், சான்றோனாக்குதலைத் தந்தைக்கும் கடமையாகச் சொன்ன அப்புலவர், அவ்வளவில் நிறுத்தவில்லை. கொல்லனுக்கும் வேந்தனுக்கும் ஆளுக்கொரு பங்கை வைத்தார். போர்க்காலப் பாடல் அது. அதன் போர் இன்று தேவையில்லை, பங்கீடு தேவை. ஒரு பிள்ளையை ஆளாக்குவதில் ஊருக்கும் அரசுக்கும் உள்ள பங்கு குறையும்போதெல்லாம் அக்குறையை ஈடுசெய்வது தாயின் முதுகெலும்புதான். தமிழ்நாட்டின் சத்துணவுத் திட்டமும், 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும், அதே ஆண்டில் அரசுப் பள்ளி மாணவியரின் உயர்கல்விக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கத் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும் பிள்ளைகளுக்கானவை என்றே பேசப்படுகின்றன. இலை வெட்டும் தாயின் விடியலில் அவை தரும் விடுப்பையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

இத்தொழிலைப் பற்றிய இன்னொரு கேள்வியைத் தவிர்ப்பது நேர்மையாகாது. தாய் சுற்றிய பீடி எங்கோ ஒரு தொழிலாளியின் நுரையீரலைக் கெடுக்கிறது. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில் படித்து மருத்துவரான மகள், தம்மிடம் வரும் நோயாளியிடம் பீடியை விட்டுவிடுங்கள் என்று சொல்லியே ஆகவேண்டும். அவர் படித்ததோ அந்தப் பீடிக் கூலியில். இதனால் அவர் தாயிடம் நன்றி குறைந்தவர் ஆகிவிடுவாரா? ஆகமாட்டார். தாயின் கையை இரவில் பார்த்தவருக்கு அந்தத் தூள் என்ன செய்யும் என்பது பாடநூலைத் திறக்கும் முன்பே தெரியும். ஆனால், நோயாளியிடம் பேசுவதோடு அவர் கடமை முடிவதும் இல்லை. உலக நலவாழ்வு அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் இந்தியாவும் இணைந்துள்ளது. புகையிலைத் தொழிலாளருக்கு மாற்று வாழ்வாதாரம் காணும் பொறுப்பை அதன் பதினேழாம் பிரிவு பேசுகிறது. எச்சரிக்கைப் படம் அச்சிடுவது நடைமுறைக்கு வந்துவிட்டது. பதினேழாம் பிரிவு முக்கூடலின் தாழ்வாரங்களுக்கு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. அதை அங்குக் கொண்டுவரப் பேச வேண்டியவர்களுள், அந்தத் தாழ்வாரங்களில் வளர்ந்து படித்தவர்களுக்கே முதல் உரிமை உண்டு.

முதிய வயதில் பெற்றோரைக் காக்கத் தவறினால், 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் கோட்டாட்சியரிடம் முறையிட்டு வாழ்க்கைப்படி பெறலாம். அச்சட்டம் தேவைப்பட்டதே ஒரு தலைக்குனிவு. தேவைப்படுவோருக்கு அது இருப்பது நல்லது. பெரும்பாலான பிள்ளைகள் அந்த அளவுக்குச் செல்வதில்லை. அவர்கள் பணம் அனுப்புகிறார்கள்; பண்டிகைக்கு வருகிறார்கள்; புடவை எடுத்துத் தருகிறார்கள். தாயின் பெயரில் உள்ள ஓய்வூதியக் கோப்பை மட்டும் பெரும்பாலும் திறந்து பார்ப்பதில்லை.

அக்கோப்பில் பார்ப்பதற்கு நிறைய உண்டு. 2014 முதல் வைப்புநிதி ஓய்வூதியத்தின் குறைந்த அளவு மாதம் 1000 ரூபாய். பத்தாண்டுப் பணி பதிவாகியிருந்தால்தான் ஓய்வூதியம். பல தாய்மார் இருபது, முப்பது ஆண்டுகள் சுற்றியும், பீடிக்கடையின் ஏட்டில் ஒரு பெயரும் ஆதார் அட்டையில் வேறு எழுத்துகளில் அதே பெயரும் இருப்பதால், அந்தத் தொகைக்கும் அலைகிறார்கள். கணவர் பெயரா தந்தை பெயரா என்பதில் ஒரு குழப்பம். பிறந்த ஆண்டு ஓரிடத்தில் ஒன்று, வேறிடத்தில் மற்றொன்று. இதைச் சரிசெய்யப் படிவம் உண்டு. அதை நிரப்ப ஒரு பட்டதாரிக்கு அரை மணி நேரம் போதும். திருநெல்வேலி வைப்புநிதி அலுவலகத்துக்குத் தாயை அழைத்துக்கொண்டு போய்வர ஒரு நாள் விடுப்பு போதும்.

அவ்வாறு போகும் மகனோ மகளோ, வரிசையில் காத்திருக்கும்போது தாயிடம் சிலவற்றைக் கேட்க நேரும். எந்தக் கடையில் முதலில் சேர்ந்தீர்கள், எந்த ஆண்டு, இடையில் எப்போது கடை மாறினீர்கள், எந்தப் பிள்ளைப்பேற்றின்போது எத்தனை மாதம் சுற்றவில்லை என்று படிவம் நிரப்புவதற்காகவே கேட்க வேண்டியிருக்கும். பலருக்கு, தாயின் வேலையைப் பற்றித் தாயிடம் கேட்ட முதல் கேள்விகள் அவையாகத்தான் இருக்கும். ஏட்டில் அவர் பணியில் சேர்ந்த நாள் என ஒரு தேதி எழுதப்பட்டிருக்கும். அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பே, தம் தாயின் தட்டருகே அமர்ந்து அவர் சுற்றத் தொடங்கிவிட்டார் என்பது எந்த ஏட்டிலும் இராது. கேட்டால் அவர் சொல்வார்.